உட்காரச் சொல்லக் கூடாது

1

சனிக்கிழமை, மாலை ஏழு மணி பத்து நிமிடம். ஏழாங்கட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு பழைய திருவிழாப் பதாகை. அதைப் பின்பக்கம் தெரியும்படி சுவரில் கட்டியிருந்தார்கள். அந்த வெள்ளைப் பக்கம்தான் அன்றைக்குத் திரை. மறுபக்கத்து எழுத்துகள் இடவலம் மாறி, ஆறிய தழும்பு போல ஊடே தெரிந்தன. அவற்றின் மேல் ஒரு வேற்றுக்கிரகத்துப் பெண்ணின் முகம் அசையாமல் நின்றது. கொக்கின் கழுத்து. பக்கவாட்டில் இரண்டு கண்கள். காதுகள் இல்லை.

"அண்ணே, சத்தம் வர்லலா!" என்று என் மகள் தர்ஷினி கத்தினாள். ஒலிபெருக்கிக் கம்பியை யாரோ பிடுங்கி மறுபடி செருகினார்கள். மண்டபம் அதிர்ந்தது. பூசாரி எட்டிப் பார்த்து, "அம்மன் நடை சாத்துற வரைக்கும் மெதுவா வெய்யுங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

திருச்சியில் ஒரு நாளிதழில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், கல்யாணமாகி மலேசியாவுக்கு வந்து அந்த வாரத்தோடு இருபது ஆண்டுகள் நிறைந்தன. நாங்கள் இருப்பது கோல சிலாங்கூர் நகருக்கு வெளியே ஒரு வீடமைப்புப் பகுதியில். கணவர் செல்வம் தினமும் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்குப் போய்வருகிறார். அவர் பிறந்தது இந்தச் செம்பனைத் தோட்டத்தில். இருபது ஆண்டு நிறைவை எங்காவது வெளியே சாப்பிட்டுக் கொண்டாடலாம் என்று அவர் சொல்லியிருந்தார். தர்ஷினி மறித்துவிட்டாள். "இன்னிக்கு தோட்டத்துல கப்பல் போடுறோம் மா. நான் இல்லாட்டி புரொஜெக்டர் யாரு பாப்பா?"

ஆகவே இருபதாம் ஆண்டு நிறைவன்று நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வறுத்த கச்சான், நம்மூர் வேர்க்கடலை, தின்றுகொண்டு, வேற்றுக்கிரகத்துக்காரி ஒருத்தியின் வழக்கைப் பார்த்தேன். பக்கத்தில், தூணை ஒட்டி, பார்வதி அண்ணி இருந்தார். என் கணவரின் பெரியப்பா மகள். இதே தோட்டத்தில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிக் கூடையில் சேர்க்கும் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய கணவர் ராமையா, மோட்டார் சைக்கிளில் வரும்போது பழம் ஏற்றிவந்த லோரி மோதித் தோட்டத்துச் சாலை வளைவிலேயே இறந்துபோனார்.

"என்னா ஊர்க்காரப் பொண்ணே, ஒனக்கு இதெல்லாம் புரியுமா?" என்று அண்ணி கேட்டார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இங்கே எத்தனை காலம் இருந்தாலும் ஊர்க்காரர்கள்தான்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு எங்க? பொழுது போவணும்ல. வீட்ல சுவரத்தான பாத்துகிட்டு இருக்கேன்."

2

தொடருக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. இங்கே யாரும் அதைச் சொல்வதில்லை. நடப்பதெல்லாம் ஒரு விண்கலத்தில் என்பதால் ‘கப்பல்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். காலையில் ரொட்டிச் சானாய் கடையில் கேட்கும் கேள்வியே, "பசியாறியாச்சா, கப்பல் பாத்தாச்சா?" என்றாகிவிட்டது.

பசியாறுவது என்றால் இங்கே காலைச் சாப்பாடு. வந்த புதிதில் பார்வதி அண்ணி, "பசியாறிட்டியா?" என்று கேட்டபோது, என்னை ஏதோ புலவர் குடும்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். "டிபன் ஆயிடுச்சு" என்றேன். அண்ணி உள்ளே போய்த் தூக்குச்சட்டியைக் கழுவிக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். டிபன் என்றால் அவருக்கு அது.

அந்த வாரக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கப்பல் ஒரு சேற்று நிலத்தில் இறங்குகிறது. அங்கே மண்ணோடு மண்ணாகக் கிடந்த பாறைகள் பாறைகள் அல்ல. அந்தக் கிரகத்து மக்கள் ஒரு பருவம் முழுக்க அப்படி மடங்கிக் கிடந்து தூங்குவார்கள். கப்பலின் அடியில் ஒருவன் நசுங்கிப் போகிறான். கப்பல் தலைவனுக்கு அது தெரியாது. தெரியாமல் நடந்தது என்று கதை முடியும்வரை சொல்லிக்கொண்டே இருக்கிறான். பொய் சொல்லவில்லை.

செத்தவனின் துணைவி வருகிறாள். கொக்குக் கழுத்து முகம் அவளுடையது. கால்கள் நீளம், ஒவ்வொரு காலிலும் மேலும் கீழுமாக இரண்டு முட்டிகள். கப்பலுக்கு எதிரே, முழங்கால் ஆழத் தண்ணீரில், பேசாமல் நிற்கிறாள். அதுதான் நீதிமன்றம். நீதிபதி கிடையாது, கூண்டு கிடையாது. சட்டத்தை அங்குள்ள வயதான ஒருத்தர் சொல்கிறார். கீழே மலாய் எழுத்து ஓடுகிறது. தர்ஷினி எழுந்து நின்று தமிழில் உரக்கச் சொன்னாள். எங்கள் வீட்டில் அவள் தமிழ் இத்தனை திருத்தமாக வந்து நான் கேட்டதில்லை.

"நீதி கேக்குறவ நிப்பா. அவ உக்காந்தா வழக்கு முடிஞ்சிச்சி. அவள உக்காருன்னு சொல்ல யாருக்கும் உரிமை இல்ல. அவகூட நிக்க யாருக்கு வேணும்னாலும் உரிமை இருக்கு."

அதற்குப் பிறகு அதிகம் நடக்கவில்லை. கப்பல்காரர்கள் இயந்திரங்கள் தருகிறோம் என்கிறார்கள். மருந்து தருகிறோம் என்கிறார்கள். மன்னிப்பும் கேட்கிறார்கள், வெளியே வராமல், ஒலிபெருக்கியில். அவள் நிற்கிறாள். தண்ணீர் ஏறுகிறது, வடிகிறது, மறுபடி ஏறுகிறது. ஒருத்தி வந்து அவள் பக்கத்தில் நிற்கிறாள். பிறகு ஒரு குடும்பம். பிறகு ஒரு தெரு. காமிரா மேலே போகப் போக அந்தச் சேற்று நிலம் முழுக்க, கண்ணுக்கு எட்டின தூரம், கால்களும் கழுத்துகளுமாக நிற்கிறார்கள். சத்தமே இல்லை.

மண்டபத்திலும் சத்தம் இல்லை. கச்சான் ஓடு உடைகிற ஒலி எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. நான் பல வருடம் கூட்டங்களைப் பார்த்து எழுதியவள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கியதை அதற்கு முன் பார்த்ததில்லை.

கடைசியில் கதவு திறந்து தலைவன் வெளியே வருகிறான். காலணியோடு சேற்றில் இறங்கி, அவள் பக்கத்தில் போய், அவளைப் பார்க்காமல், அவள் பார்க்கிற திசையைப் பார்த்து நிற்கிறான். காமிரா அவள் கால்களுக்கு வருகிறது. கீழ் முட்டி லேசாக மடங்குகிறது.

இருட்டு. பெயர்கள் ஓடத் தொடங்கின.

3

"அவ்ளோதானா?" என்று முதல் குரல் வந்தது லோரி பட்டறை வைத்திருக்கும் பாலா அண்ணனிடமிருந்து. "கொக்கம்மா உக்காந்தாளா இல்லியா?"

"உக்காந்துட்டா. முட்டி மடங்குச்சில்ல?"

"கீழ் முட்டிதான்லா மடங்குச்சி. மேல் முட்டி அப்படியே இருக்கு. ரெண்டும் மடங்கினாத்தான் உக்காந்த கணக்கு."

"நீதான் அவளுக்கு முட்டி செஞ்சி குடுத்தியா? வந்துட்டான் கணக்கு சொல்ல."

"பின்னால போடு, பின்னால போடு!"

கடைசி ஐந்து வினாடியைத் தர்ஷினி திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினாள். முட்டி மடங்கியது, மடங்கியது, மடங்கியது. கோயில் பெண்கள் ஒரு பக்கம், இளைஞர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுவார்கள் என எதிர்பார்த்தேன். அப்படி நடக்கவில்லை. கணவனும் மனைவியும் எதிரெதிர் கட்சி. பூசாரி நடையைச் சாத்திவிட்டு வந்து, அவள் உட்காரவில்லை, களைப்பில் கால் மாற்றினாள் என்று தீர்ப்புச் சொன்னார். கால் கடுக்க நின்றே பழகியவரின் தீர்ப்பு அது. பாலா அண்ணனுக்கு ஒரே குறை. "அவன் வாயத் தெறந்து ஒண்ணும் சொல்லலியே. சும்மா வந்து நின்னா சரியாப் போச்சா?"

பார்வதி அண்ணி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. எல்லோரும் கலைகிற நேரத்தில் என்னிடம், "பாத்தியா? அத்தன பேர்ல ஒருத்தர்கூட அவள உக்காருன்னு சொல்லல" என்றார். நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பேச்சின் கனம் அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஊரில் இருக்கும் உங்களுக்காகச் சொல்கிறேன்.

இந்தக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துக்குள் சண்டை, தகராறு என்றால் இங்கே கூட்டம் போட்டுப் பேசித் தீர்ப்பார்கள். பேச்சு முடிந்ததும் இரு தரப்பும் அம்மனைப் பார்த்து ஒரே பாயில் உட்கார்ந்து, ஒரே கூஜாவிலிருந்து கடுங்கோப்பி குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் முடிந்தது. அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்குப் போகும் முன் சண்டைக்காரர்களைச் சேர்த்துவைக்க வேலையை மேற்பார்த்த அந்தக் காலத்து மண்டோர் யாரோ தொடங்கியதாகச் சொல்கிறார்கள்.

ராமையா அண்ணன் இறந்த பிறகும் கூட்டம் போட்டார்கள். லோரி ஓட்டியவன் குமார், இந்தத் தோட்டத்தில் பிறந்தவன், கோயில் தலைவர் மாணிக்கத்தின் தம்பி மகன். மழை, சேறு, வளைவு. விபத்து என்று போலீஸ் முடித்துவிட்டது. அண்ணியும் அதை மறுக்கவில்லை. நஷ்டஈட்டிலும் குறை சொல்லவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அந்த வளைவில் ராமையா அண்ணனின் கடைசி நேரத்தில் கூட இருந்தது குமார் ஒருவன்தான். அவர் ஏதாவது சொன்னாரா? அதை அவன் வாயால், எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டும்.

குமாரைக் கூட்டத்துக்குக் கொண்டுவரவில்லை. பேசப் போய்க் கேஸ் திரும்ப எழும்பிவிடுமோ என்று வீட்டார் பயந்தார்கள். உடம்பு சரியில்லை என்றார் தலைவர். அவனுக்குப் பதிலாகத் தாமே பாயில் உட்கார்ந்து கோப்பியைக் குடித்தார். அண்ணி நின்றுகொண்டே இருந்தார். "உக்காரும்மா பார்வதி. நின்னு என்னா ஆவப்போவுது? உக்காரு." சுற்றியிருந்த பெண்களும் சொன்னார்கள். என் கணவரும் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். அண்ணி உட்கார்ந்தார். கோப்பியைத் தொடவில்லை. அது ஆறி, ஆடை கட்டி, யாரோ எடுத்து வேப்பமரத்தடியில் ஊற்றினார்கள். முடிந்தது என்று தலைவர் அறிவித்தார். மறுநாள் விடிவதற்குள் அண்ணி கூடையோடு வேலைக்குப் போனார். குமார் ரவாங்குக்குக் குடிபோய், லோரியை விட்டுவிட்டு, ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தான். திருவிழாவுக்கு வந்தால் அண்ணி வருகிற பக்கம் வரமாட்டான்.

4

தர்ஷினியின் கைப்பேசியில் கப்பல் ரசிகர்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. பினாங்கிலிருந்து ஜொகூர் வரை ஆட்கள். தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள். நடுவில் மலாய் வரும். வீட்டில் என்ன கேட்டாலும் "ஒண்ணும் இல்ல மா" என்பதோடு நிறுத்திக்கொள்ளும் பெண், அந்த வாரம் மட்டும் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினாள்.

முட்டி பற்றிய விவாதம் அங்கேயும் ஓடியது. கொக்கின் எலும்புப் படத்தைப் போட்டு ஒருவர் பாடம் நடத்தினார். சட்டம் படிக்கும் பெண் ஒருத்தி, தெரியாமல் செய்த குற்றத்துக்கு இப்படி நிற்கவைப்பது அநியாயம் என்று நீளமாக எழுதியிருந்தாள். "யாரும் அவன நிக்க சொல்லலியே, அவனாத்தான வந்தான்" என்று ஒரே வரியில் பதில் வந்திருந்தது. தஞ்சோங் காராங்கில் வயல் வைத்திருக்கும் தர்ஷினியின் மலாய்த் தோழியின் அப்பா, கதையை விட்டுவிட்டு, அந்தச் சேற்றில் நெல் நன்றாக வரும் என்று மட்டும் சொன்னாராம்.

ஒரு குரல்பதிவை அவள் இரண்டு முறை போட்டாள். பேர் போடாத ஓர் ஆண் குரல். பின்னால் ரயில் ஓடுகிற சத்தம். "நான் வேல முடிஞ்சி கமுட்டர்ல நின்னுகிட்டே பாத்தேன். பாதியில சீட்டு காலியாச்சி. உக்கார மனசு வர்ல. ரவாங் வரைக்கும் நின்னுகிட்டேதான் வந்தேன்." அவ்வளவுதான். கீழே முப்பது நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

"மா, ஊர்ல கோர்ட்டு எப்படி இருக்கும்? நீ போயிருக்கேல்ல?"

என் பழைய வேலையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி இது. திருச்சி நீதிமன்றத்தில் யார் உட்காருவார், யார் நிற்பார் என்பதை நான் எந்த நாளும் செய்தியில் எழுதியதில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்தது அது. நீதிபதி உட்காருவார். வக்கீல் பேசும்போது நிற்பார். சாட்சி நிற்பார், குற்றம் சாட்டப்பட்டவர் நிற்பார். வழக்குப் போட்டவர் வராந்தாவில் எங்காவது இருப்பார். மகனைப் பறிகொடுத்த ஓர் அம்மாள் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்தார். டவாலி வந்து, "எந்திரி எந்திரி, ஐயா வர்ற வழி" என்று விரட்டினார். அன்றைய செய்தியில் அடுத்த வாய்தா தேதி இருந்தது. அந்தப் படி இல்லை.

இங்கே தலைகீழ். நான் கற்றுக்கொண்ட முதல் மலாய்ச் சொற்கள் ‘டுடோக் டுலு’. இப்போதைக்கு உட்காருங்கள் என்று அர்த்தம். விசா புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் முகப்பில் சிரித்த முகத்தோடு சொல்வார்கள். எண் எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். நிரந்தர வசிப்புரிமைக்கான மனு என்னவாயிற்று என்று கேட்டாலும் அதே சொல், அதே சிரிப்பு. கோபித்துக்கொள்ள வழியே இருக்காது. உட்கார்ந்துவிட்ட ஆளுக்குக் குரலும் கொஞ்சம் உட்கார்ந்துவிடுகிறது. இருபது ஆண்டில் எனக்கு உட்காருவது நன்றாகப் பழகிவிட்டது.

இதையெல்லாம் தர்ஷினியிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப ரெண்டு எடத்துலயும் அவங்களேதான் சொல்றாங்க" என்றாள்.

"எதை?"

"நில்லுன்னும் உக்காருன்னும்."

பிறகு கைப்பேசி ஒலித்தது. எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

5

திருவிழாவுக்கு முன் நடக்கும் கோயில் பொதுக்கூட்டம் மறுவார ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. வீட்டுக்கு ஓர் ஆணாவது வரவேண்டும் என்பது விதி. தோட்டத்தைவிட்டு ரவாங், கிள்ளான் என்று போனவர்களும் காடி என்று இங்கே சொல்லும் கார்களில் வந்து இறங்கியிருந்தார்கள். குமாரும் வந்திருந்தான். வாசல் பக்கம், காலணிகள் கழற்றிக் கிடக்கும் இடத்துக்கு அருகே, கடைசி நாற்காலியில். தலைமுடி முன்னால் கொட்டிப்போயிருந்தது. வயது முப்பதைத் தாண்டியிருக்காது.

தலைவர் மாணிக்கம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். நாற்காலிகள் தரையில் உராயும் சத்தம் அடங்கியது. பார்வதி அண்ணி மட்டும் தூண் பக்கத்தில் நின்றார்.

தலைவர் அறிக்கையைப் படித்தார். கொடியேற்றம், தண்ணீர்ப்பந்தல், தேருக்கு விளக்கு. நடுவில் நிமிர்ந்து பார்த்தார். அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் பையோ குடையோ இல்லை. இரண்டு கையையும் தொங்கவிட்டு, தலைவரைப் பார்க்காமல், நேரே அம்மன் சன்னிதியைப் பார்த்துக்கொண்டு.

பின்வரிசையிலிருந்து நல்ல மனசுக்காரர் ஒருவர் நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்தார். "இந்தாங்கக்கா, உக்கா—"

"அண்ணே! சொல்லக் கூடாது!" ஐந்தாறு இளம் குரல்கள் ஒன்றாக.

சிரிப்பு எழுந்தது. நாற்காலி கொண்டுவந்தவரும் சிரித்தார். அவர்தான் முதலில் நிறுத்தினார். நாற்காலியை மெல்லக் கீழே வைத்துவிட்டு, அதில் தாமும் உட்காராமல், அண்ணிக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

"என்னாப்பா இது?" என்றார் தலைவர். "கோயில் கூட்டம்னு நெனச்சீங்களா, கப்பல்னு நெனச்சீங்களா?"

பாலா அண்ணன் எழுந்தார். பெரிய உடம்பு; எழுந்தபோது நாற்காலி கூடவே வந்து, பிறகு கழன்று விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. தர்ஷினி எழுந்தாள். அவள் தோழிகள். பெண்கள் வரிசையில் ஒருவர், அடுத்து இருவர், பிறகு எத்தனை என்று சொல்ல முடியாதபடி. என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் எழுந்ததும் நானும் எழுந்தேன். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த பூசாரி, கர்ப்பக்கிரகத்தின் வாசலுக்கு வந்து இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தார்.

நான் பார்த்ததை அப்படியே எழுத முயல்கிறேன். தகர மண்டபம். வெயில் ஏறியிருந்தது. மேலே மின்விசிறிகள் சுற்றின. அத்தனை பேர் நின்றார்கள். கோஷம் இல்லை, கைதட்டல் இல்லை. முன்னால் இருந்தவர்கள்கூட அண்ணியைப் பார்க்கவில்லை. அவர் பார்த்த பக்கத்தையே பார்த்தார்கள். கொஞ்ச நாளுக்கு முன் ஒரு துணித் திரையில் பார்த்ததை இவர்கள் விளையாட்டுக்குச் செய்கிறார்கள் என்று தொடக்கத்தில் நினைத்தேன். நானும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்த பிறகு அப்படி நினைக்கவில்லை.

தலைவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே குரல் எழுப்பியிருந்தால் பதில் சொல்லியிருப்பார். நாற்பது வருடம் கூட்டம் நடத்தியவர். உட்காருங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

வாசல் பக்கம் ஒரு நாற்காலி உராய்ந்தது.

குமார் கூட்டத்தின் நடுவே நடந்து வந்தான். வழிவிட்டார்கள். அண்ணிக்குப் பக்கத்தில் வந்து, சன்னிதியைப் பார்த்து நின்றான்.

"நானும் பாத்தேன் அத்தே. ரயில்ல. நின்னுகிட்டு."

தர்ஷினி சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தக் குரல் எங்களுக்குத் தெரிந்த குரல்.

"பெரியப்பா பேசாதன்னு சொன்னாங்க. நானும் பேசல. மாமா ஒடனே போவல அத்தே. கொஞ்ச நேரம் இருந்தாங்க. நான் தலையத் தூக்கி மடியில வெச்சிருந்தேன். அவங்க மோட்டோ கீழ கெடந்து ஓடிகிட்டே இருந்திச்சி."

அண்ணி திரும்பவில்லை.

"மாமா கண்ணத் தெறந்து அதப் பாத்தாங்க. ‘தம்பி, மோட்டோவ அடச்சிருடா. எண்ணெ போவுது’ன்னாங்க. நான் எந்திரிச்சிப் போயி அடச்சிட்டு வந்தேன். வந்தப்ப..."

பெட்ரோலுக்கு இங்கே எண்ணெய் என்று பெயர். அதை மிச்சம் பிடிக்க ராமையா அண்ணன் எந்த இறக்கத்திலும் மோட்டார் சைக்கிள் எஞ்சினை அடைத்துவிட்டு உருட்டிக்கொண்டே வருவார். தோட்டம் முழுக்கக் கேலி செய்யும். பிள்ளைகள் பின்னால் ஓடிவந்து தள்ளிவிடுவார்கள்.

பார்வதி அண்ணியின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தபோது அழுகையும் சிரிப்பும் இருந்தன.

"அவருதான்" என்றார். "அவரேதான். வேற யாரு சொல்லுவா?"

பெண்கள் வரிசையில் யாரோ வாய்விட்டு அழுதார்கள்.

6

தலைவர் எழுந்தார். நேரே சமையல் கட்டுக்குப் போனார். கூட்டம் முடிந்து எல்லோருக்கும் கொடுப்பதற்காகப் போட்டு வைத்திருந்த கோப்பிக் கூஜாவையும் இரண்டு கிளாசையும் தாமே எடுத்து வந்தார். யாரும் அவருக்கு உதவப் போகவில்லை. சன்னிதிக்கு முன் பாயை விரித்தார். குனிந்து ஊற்றும்போது கொஞ்சம் பாயில் சிந்தியது.

குமார் பாயில் உட்கார்ந்தான். வழக்கம் அது. கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

இன்னொரு கிளாசைத் தலைவர் அண்ணியிடம் நீட்டினார். பாயில் பாதி இடம் காலியாக இருந்தது. என் கணவர், "அக்கா, உ—" என்று தொடங்கினார். தர்ஷினி அவர் கையைப் பிடித்தாள்.

கோப்பியைப் பார்வதி அண்ணி கடைசிச் சொட்டுவரை நின்றபடியே குடித்தார்.